சட்டைக்குள் ஒரு சங்கிலி

போன நவம்பரில் முதன்முறையாக நேர்முகத் தேர்வு மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கேள்வி கேட்கிற பக்கம். என்னுடன் மேனேஜரும் எச்.ஆரிலிருந்து ஓர் அக்காவும் இருந்தார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை சின்னதுதான். வருகிற பையனுக்கு டெக்னிக்கல் தெரியுமா, தெரியாதா என்று பார்க்க வேண்டும்; பார்த்துவிட்டு ஒரு தாளில் டிக் போட வேண்டும்.

மூன்றாவதாக வந்தவன் தமிழ்ப் பையன். லோக்கல் யூனி. என்னைப்போலவே சி.ஜி.பி.ஏ. மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. ரெஸ்யூமில் பி.எல்.சி. ப்ரோகிராமிங்கில் ஆறு மாத அனுபவம் என்று எழுதியிருந்தான். நான் மிக அடிப்படையான ஒரு கேள்வியைக் கேட்டேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும், கையை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு ப்ரோகிராமில் என்ன செய்வீர்கள்? பி.எல்.சி.யைத் தொட்டவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம் அது.

அவன் மேசையைப் பார்த்தான். பிறகு தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். "சார், அது வந்து... டைமர் போடலாம்" என்றான்.

அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். நானும் அதற்குள் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் தாளில் 'பொருத்தமில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எழுதியிருப்பது பொய் என்று மேனேஜரிடமும் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு வழக்கம்போல மினசோட்டா வைக்கிங்ஸ் ஆட்டத்தைப் போட்டேன். அங்கே அது ஞாயிறு மதியம். ஸ்கோர் மண்டையில் ஏறவே இல்லை. 1990இல் அதே அணிக்கு வந்து சேர்ந்த ஜான் ராண்டில் என்பவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். "அது ஃபுட்பாலே இல்லடா, கையில தூக்கிட்டு ஓடுறானுங்க" என்பார்கள். எனக்கு அதை அறிமுகப்படுத்தியவர் மினசோட்டாவிலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு வந்த ஒரு வயதான இன்ஜினியர். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு செக்வெயர் பொருத்த வந்தார். கன்வேயரில் ஓடிவரும் ஒவ்வொரு பெட்டியையும் ஓடும் வேகத்திலேயே எடை போடுகிற இயந்திரம் அது. எடை குறைந்தாலோ கூடினாலோ பக்கவாட்டிலிருந்து காற்று பீச்சியடித்து அந்தப் பெட்டியை வரிசையிலிருந்து தள்ளிவிடும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. ஓர் எண், ஒரு முடிவு, அவ்வளவுதான்.

ஆறு வாரம் இருவரும் அந்த மெஷினோடு மல்லுக்கட்டினோம். ஒருநாள் காலிபரேஷன் எடைக்கற்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே, எங்கள் ஊரில் ஒருவர் எடை மெஷினை ஏமாற்றியே ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போய்விட்டார் என்றார். அப்படித்தான் ராண்டில் என் வாழ்க்கைக்குள் வந்தார்.

கதையைச் சொல்வதற்கு முன் அந்த விளையாட்டில் ராண்டிலுக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத் துண்டும் தொடங்குவதற்கு முன் இரண்டு அணிகளும் எதிரெதிரே குனிந்து நிற்கும். பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். சுவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். எதிர்ப்பக்கத்தில் தற்காப்பு அணியின் முன்வரிசையில் பெரும்பாலும் நால்வர். அந்த நால்வரில் நடுவில் நிற்கும் இருவருக்கு டிஃபென்சிவ் டாக்கிள் என்று பெயர். பந்து நகர்ந்த கணத்தில் சுவரை உடைத்துக்கொண்டு போக வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைத் தரையில் சாய்த்துவிட்டால் அதற்கு சாக் என்று பெயர். இரண்டரை, மூன்று நொடிக்குள் நடந்து முடிகிற விஷயம். என்.எஃப்.எல். 1982இலிருந்துதான் சாக்கை ஆட்டக்காரர்களின் பெயரில் அதிகாரப்பூர்வமாகக் கணக்கு வைக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு ஆடியவர்களின் உழைப்பு லீக்கின் புத்தகத்தில் எண்ணாக ஏறவில்லை.

ஓரத்தில் நிற்பவருக்கு ஓடிச் சுற்றி வர இடம் உண்டு. நடுவில் நிற்பவருக்கு அது கிடையாது. இரண்டு பக்கமும் நூற்றிருபது, நூற்றுமுப்பது கிலோ ஆட்கள். சில சமயம் இருவர் சேர்ந்தே அவர்மேல் சாய்வார்கள். அதனால் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது எடையைத்தான். அதில் தப்பும் சொல்ல முடியாது.

ராண்டில் 1967 டிசம்பரில் பிறந்தவர். டெக்சஸில் மம்ஃபோர்ட் என்ற சின்ன கிராமத்தில், வறுமையில் வளர்ந்தார். ஹெர்ன் என்ற பக்கத்து ஊரில் உயர்நிலைப்பள்ளி. முதலில் ஒரு கம்யூனிட்டி காலேஜ். பிறகு தெற்கு டெக்சஸில், கிங்ஸ்வில்லில் இருந்த டெக்சஸ் ஏ அண்ட் ஐ பல்கலைக்கழகம். பெரிய அணிகளின் ஆள்பிடிப்பவர்கள் வரிசையில் நின்று பார்க்கிற இடம் அல்ல. அவருடைய அண்ணன் எர்வினை டாம்பா பே பக்கனியர்ஸ் அணி 1985 டிராஃப்டில் எடுத்திருந்தது. ஆக, வீட்டில் ஒருவர் ஏற்கெனவே கதவுக்கு உள்ளே இருந்தார். தம்பி வெளியே நின்றுகொண்டிருந்தார்.

டிராஃப்ட் என்பது வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தேர்வு. அணிகள் வரிசையாகப் பெயர்களைக் கூப்பிடும். 1990இல் மொத்தம் 12 சுற்றுகள். முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்களைக் கூப்பிட்டார்கள். அந்த வருடம் மூன்றாவதாக அழைக்கப்பட்ட கார்ட்டெஸ் கென்னடி ஒரு டிஃபென்சிவ் டாக்கிள். ராண்டிலும் அதே இடத்துக்குத்தான் ஆடப்போகிறவர். ஆனால் 12 சுற்று முடியும்வரை அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. உயரம் 6 அடி 1 அங்குலம். அந்த இடத்துக்கு உயரமும் போதாது, எடையும் போதாது.

அண்ணனின் அணியில் முயற்சி செய்து பார்த்தார். ஆள் சின்னதாக இருக்கிறார் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வைக்கிங்ஸ். அவர்களுடைய ஸ்கவுட் ஒரு நிபந்தனை சொன்னார். 250 பவுண்டுக்கு மேல் எடையோடு திரும்பி வந்தால் ஒப்பந்தம். 250 பவுண்டு என்றால் நம் கணக்கில் 113 கிலோ. ராண்டில் சாப்பிட்டுப் பார்த்திருப்பார், தண்ணீர் குடித்துப் பார்த்திருப்பார். எடை வரவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. எனவே தொளதொளவென்ற பயிற்சி உடைக்குள் ஓர் இரும்புச் சங்கிலியை மறைத்துக் கட்டிக்கொண்டு தராசில் ஏறினார். முள் 250-ஐத் தாண்டியது. கையெழுத்து போட்டார்கள்.

மினசோட்டாக்காரர் இதை ஒரு ஜோக்காகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு அறைக்குப் போய், ராண்டில் ஆடிய பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். முகம் முழுக்கக் கறுப்பு மையைக் கோரமாக அப்பிக்கொண்டு, எதிரே நிற்பவனிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிற ஒரு மனிதர். எதிரணிகள் பத்திரிகையாளர்களுக்காக அச்சிடும் கையேடுகளை உட்கார்ந்து படிப்பாராம். யார் எங்கே பிறந்தவன், எந்தக் கல்லூரியில் படித்தவன் என்று தெரிந்துகொண்டு, களத்தில் குனிந்து நிற்கும்போது அதைச் சொல்லியே வெறுப்பேற்றுவாராம். பார்க்கும்போது சிரிப்பு வரும். அடுத்த நொடி பந்து நகரும். சுவரில் நிற்பவன் எழுந்து கையை நீட்டுவதற்குள் ராண்டில் அவனைத் தாண்டிப் போயிருப்பார்.

அவர் வந்து சேர்ந்த அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தைய வருடம், 1989இல், வைக்கிங்ஸின் தற்காப்பு அணி 71 சாக்குகள் எடுத்திருந்தது. லீக் சாதனைக்கு ஒன்று குறைவு. கிறிஸ் டோல்மன் மட்டும் 21. நடுவில் ஆடிய கீத் மில்லர்ட் 18. அந்த வருடத்தின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அதாவது, ராண்டிலுக்கு அங்கே காலி நாற்காலியே இல்லை. முதல் வருடம் அவர் எடுத்தது ஒரே ஒரு சாக். புள்ளிவிவரத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு, சங்கிலியைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

பிறகு மில்லர்டுக்கு முழங்காலில் பலத்த காயம். 1991 முழுக்க அவர் ஆடவில்லை. அந்த வருடம் ராண்டில் 9.5 சாக். அரை என்பது இருவர் சேர்ந்து ஒருவரைச் சாய்க்கும்போது பங்கு போட்டுக்கொள்வது. 1992இல் புதிய பயிற்சிக் குழு வந்தது. டோனி டங்கி தற்காப்புக்குப் பொறுப்பு, ஜான் டீர்லிங்க் முன்வரிசைக்குப் பயிற்சியாளர். முதல் அடியின் வேகத்தை நம்புகிற பள்ளி அது. எதிரே இருப்பவனைத் தள்ளிக்கொண்டு நிற்காதே, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற சந்துக்குள் புகுந்து போ என்கிற ஆட்டம். எடை குறைவு என்று எதைச் சொன்னார்களோ அதுவே அங்கே வசதியாகிவிட்டது. 1992இல் 11.5. 1993இல் 12.5, லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் முதல்முறையாக இடம். 1994இல் 13.5. 1997இல் 15.5 எடுத்தபோது லீக்கிலேயே அதுதான் அதிகம்.

2003 வரை ஆடினார். மொத்தம் 137.5 சாக். அதிகாரப்பூர்வக் கணக்கில் டிஃபென்சிவ் டாக்கிள் யாரும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை. 2010இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மூன்றாவது பெயராக அழைக்கப்பட்ட கென்னடியும் அங்கே வந்தார். ஆனால் இரண்டு வருடம் கழித்து, 2012இல்.

இனி என் சங்கிலி.

2019இல் படிப்பை முடித்தேன். ஏழு மாதம் வேலை இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினேன். சில இடங்களில் சி.ஜி.பி.ஏ. மூன்றுக்குக் கீழே என்றால் கம்ப்யூட்டரே தள்ளிவிடும் என்று ஒரு நண்பன் சொன்னான். அப்போது செக்வெயர் பற்றி எனக்குத் தெரியாது. இப்போது அந்தக் காற்று பீச்சும் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஏழு மாதம் ஞாபகம் வரும். கடைசியில் ரெஸ்யூமில் ஒரு வரியைச் சேர்த்தேன். பி.எல்.சி. அனுபவம், எட்டு மாதம். உண்மையில் இண்டர்ன்ஷிப்பில் ஒரு வாரம், பேனல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவ்வளவுதான். நேர்முகத் தேர்வில் என் அதிர்ஷ்டம், அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் லைன் நின்றுபோனது. லேப்டாப்பை என் கையில் கொடுத்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் நகரவில்லை. மெயின்டெனன்ஸில் இருபது வருடமாக இருக்கிற அண்ணன் ஒருவர் பக்கத்தில் வந்து, லேப்டாப்பை மெதுவாக வாங்கி, தானே சரிசெய்தார். எல்லோரும் போன பிறகு, "தம்பி, நீ இதுக்கு முன்னாடி இதத் தொட்டதே இல்ல, சரிதானே?" என்று கேட்டார். தலையாட்டினேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது. "சரி. நாளைலேர்ந்து ஷிஃப்ட் முடிஞ்சதும் ரெண்டு மணி நேரம் என்கூட இரு. யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். நான்கு மாதம். ஸ்டோரில் கிடந்த பழைய கன்ட்ரோலர் ஒன்றை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது, பட்டனை விட்ட பிறகும் மோட்டாரை ஓட வைப்பது எப்படி என்பதைத்தான்.

எனக்கு மட்டுமில்லை, எங்கள் குடும்பத்துக்கே தராசோடு பழைய கணக்கு உண்டு. பாட்டி கெடா பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். காலையில் பெரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டா போட்டு இரண்டு வாளியைச் சுமந்துகொண்டு வந்து நிறுவைக்கு நிற்க வேண்டும். சில நாள் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்துவிடுவாராம். கிராணி ஒரு மிதவையைப் பாலுக்குள் விட்டுப் பார்ப்பார். பால் எவ்வளவு கெட்டி என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். மாட்டிக்கொண்டால் அன்றைய கணக்கில் வெட்டு, கூடவே திட்டு. சிரித்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொல்வார். "ஏன் பாட்டி தண்ணி ஊத்துனீங்க?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாது. மழைக்கும் பசிக்கும்லடா?" என்றார்.

இதையெல்லாம் எழுதுவது பொய்க்கு வக்காலத்து வாங்குவதற்காக இல்லை. ராண்டிலின் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அதை வெற்றிக் கதையாகவே சொல்கிறார்கள். அது எனக்கு உறுத்துகிறது. சங்கிலி கட்டிக்கொண்டு உள்ளே போய், மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 137.5 என்ற எண் இருப்பதால்தான் அந்தச் சங்கிலி நமக்கு ஜோக்காகத் தெரிகிறது. அந்த எண் இல்லாவிட்டால் அது வெறும் மோசடிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ராண்டில் எடையில் சொன்ன பொய்யால் அடிபடக்கூடியது அவருடைய உடம்பு மட்டும்தான். பந்து நகர்ந்த முதல் நொடியிலேயே களம் அவரை மறுபடியும் எடை போட்டுவிடும். என் வேலை அப்படியில்லை. தெரியாத ஒருவன் ப்ரோகிராமில் ஒரு வரியை மாற்றினால், மெஷினுக்குள் கைவிட்டிருக்கும் இன்னொருவரின் விரல் போகும். அந்தப் பையனை நிராகரித்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. திரும்ப அதே மேசையில் உட்கார்ந்தாலும், தெரியாததைத் தெரியும் என்று எழுதியவனிடம் லேப்டாப்பைக் கொடுக்க யோசிப்பேன்.

அப்படியானால் எது உறுத்துகிறது?

தராசில் தப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று ராண்டில் ஏறிய தராசு சரியாகத்தான் காட்டியது. மனிதரும் சங்கிலியும் சேர்ந்து இவ்வளவு என்று சொன்னது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எடை என்ன என்பது இல்லை. பந்து நகர்ந்ததும் இந்த ஆள் எவ்வளவு சீக்கிரம் எழுகிறான் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு டீர்லிங்க் வர வேண்டியிருந்தது. என் விஷயத்தில் அந்த அண்ணன் வந்தார். அவரும் என் பொய்யைக் கண்டுபிடித்தார்தான். என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். ஆனால் கண்டுபிடித்ததோடு தன் வேலை முடிந்துவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை எச்.ஆர். அக்காவிடம் போய் அந்தப் பையனின் ரெஸ்யூமைத் திரும்ப வாங்கிப் படித்தேன். இரண்டாவது பக்கத்தின் அடியில், பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ், அப்பாவோடு சேர்ந்து வார இறுதிகளில் வாஷிங் மெஷினும் ஏர்கானும் பழுதுபார்ப்பதாக எழுதியிருந்தான். பதினான்கு வயதிலிருந்து. வாஷிங் மெஷினைப் பழுதுபார்க்கிறவனுக்கு மோட்டார் தெரியும், சென்சார் தெரியும், கதவு மூடாவிட்டால் ஏன் ஓடக்கூடாது என்பதும் தெரியும். அது பொழுதுபோக்கு இல்லை, எட்டு வருட அனுபவம். அவனுக்கே அது தெரியவில்லை. அதனால்தான் அதைக் கீழே ஒளித்துவிட்டு, இல்லாத ஆறு மாதத்தை மேலே கட்டிக்கொண்டு வந்தான்.

"அவன டெக்னீஷியன் வேலைக்குக் கூப்பிட முடியுமாக்கா?" என்று கேட்டேன்.

"அந்த வேலைக்கு வியாழக்கிழமையே ஆள் எடுத்தாச்சே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச பையனா?" என்றார்.

இல்லை என்றேன். அக்கா ரெஸ்யூமைக் கோப்பில் திரும்பச் செருகினார். கீழே லைனுக்குப் போனேன். செக்வெயர் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளிவிடப்பட்ட பெட்டிகள் பக்கத்துத் தொட்டியில் கிடந்தன. வழக்கமாக அவற்றை ஷிஃப்ட் முடிவில் எண்ணிவிட்டு அப்படியே அனுப்பிவிடுவோம். அன்று ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன்.